பழைய கோழியோடு வெடைக்கோழிகளைச் சேர்க்கிறீர்களா? எந்தச் சிக்கலுக்கு என்ன செய்வது

பழைய கோழி இருக்கும் இடத்தில் புது வெடைக்கோழிகளை, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளை, விட்டதும் முதல் பத்து நிமிடம் கேட்கும் கூச்சலில் பாதிப் பேர் பயந்துபோய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் மூன்றாம் நாள் கூச்சல் அடங்கியதும் "சரி, பழகிடுச்சு" என்று கவனிப்பதை விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. கத்திக்கொண்டு ஓடுகிற குஞ்சுக்கு ஓட இடமும் தெம்பும் இருக்கிறது. சத்தமே இல்லாமல் ஒரு மூலையில் நிற்கிறதே, அதைத்தான் உடனே கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இதை நான் ஒரு வெடைக்கோழியைச் சாகும் நிலைவரை கொண்டுபோய்விட்டுத்தான் கற்றுக்கொண்டேன், அந்தக் கதை கீழே வருகிறது.

உங்கள் கூண்டில் இப்போது என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் இன்னும் சேர்க்கவே இல்லை என்றால் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள், கீழே இருக்கும் சிக்கல்களில் பாதி வராமலே போகும்.

இன்னும் சேர்க்கவில்லை என்றால்

முதலில் வயது. 6 வாரத்தில் இறகு முளைத்துவிடும், வெளியே வாழலாம், ஆனால் அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரு வளர்ந்த கோழியின் கொத்தைத் தாங்க முடியாது. 8 வாரத்திலிருந்து நடுவில் கம்பி வலைத் தடுப்பு போட்டு, வலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பழைய கோழிகளுக்குக் காட்டலாம், நேரடியாக ஒன்றாக விடுவதற்கு 12 முதல் 16 வாரம் வரை பொறுங்கள். வாரக் கணக்கைவிட உடம்பைப் பார்ப்பது நல்லது. பழைய கோழியின் உடம்பில் முக்கால் பங்காவது வந்திருக்க வேண்டும், சிறிய இனமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. ஒற்றைக் குஞ்சை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். ஒன்றாக வளர்ந்த இரண்டு மூன்று இருந்தால் கொத்து பிரிந்து விழும், பயந்தாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒன்றே ஒன்று என்றால் எல்லாக் கொத்தும் அதன் தலையில்தான்.

மூன்றாவது, வெளியிலிருந்து வாங்கி வந்த குஞ்சுகளாக இருந்தால் தனிமை. குறைந்தது 2 வாரம், முடிந்தால் 30 நாள், பழைய கோழிகள் இருக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி வேறு இடத்தில் வையுங்கள். தினமும் முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாகப் புதுசுகளிடம் போங்கள், செருப்பையும் மாற்றிக்கொள்ளுங்கள். இந்தத் தனிமையை வலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பழக்கும் நாட்களோடு சேர்த்து எண்ணக் கூடாது. வலைக்கு அந்தப் பக்கம் வைத்தால் கண் மட்டுமா போகிறது, மூச்சும் தூசியும் எச்சமும் எல்லாமே போகும்.

வலைக்கு அப்பால் இருந்தும் சண்டை போடுகின்றன

பழைய கோழி வலையை ஒட்டியே முன்னும் பின்னும் நடக்கும், கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், வலையைக் கொத்தும். முதல் இரண்டு மூன்று நாளைக்கு இது இருக்கத்தான் செய்யும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் மட்டும் மாற்றிவிடுங்கள், பெரிய கண்ணாக இருந்தால் குஞ்சு தலையை நுழைக்கும், அந்தப் பக்கத்துக் கொத்து நேராகக் கண்ணில் விழும்.

நாலாம் நாளும் அதே வேகம் என்றால் தீனித் தட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒரு முழ இடைவெளியில் வைத்து ஆரம்பித்து, தினமும் கொஞ்சம் நெருக்கிக்கொண்டே வாருங்கள். இரண்டு கூட்டமும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து தின்கிறபோது வலையைக் கவனிக்காமல் இருக்கின்றனவா? அதுதான் கதவைத் திறக்கும் நாள். இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். கணக்கு வைத்துக்கொண்டு ஏழாம் நாள் திறந்தே ஆக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

திறந்துவிட்டதும் துரத்துகிறது, கொத்துகிறது

இதைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறோம். ஆனால் கோழிகளுக்குள் யார் மேலே யார் கீழே என்று ஒரு வரிசை முடிவாகாமல் அமைதி வராது. தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எபே என்ற நார்வே விலங்கியலாளர் 1921லேயே இந்தக் கொத்தும் வரிசையை விவரித்திருக்கிறார். மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தும், கீழே இருப்பது திருப்பிக் கொத்தாமல் விலகிவிடும், அப்படி விலகிவிட்டால் விஷயம் முடிந்தது. புதிதாக வந்தவற்றுக்கு இன்னும் எந்த இடமும் இல்லை, அதனால் ஒவ்வொரு பழைய கோழியும் ஒருமுறையாவது தன் இடத்தைச் சொல்லிக்காட்டும்.

அதனால் கொத்துகிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள், கொத்திய பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தலையிலோ பின்கழுத்திலோ ஒரு கொத்து, குஞ்சு கத்திக்கொண்டு நாலு அடி ஓடுகிறது, பழையது திரும்பிப் போய்த் தன் வேலையைப் பார்க்கிறது என்றால் கை வைக்காதீர்கள். நடுவில் புகுந்து பிரித்தால் அந்தக் கணக்கு முடியாமல் நிற்கும், மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். நெஞ்சோடு நெஞ்சு முட்டிக் கொஞ்சம் எகிறினாலும் சில நொடிகளில் ஒன்று தலையைத் தாழ்த்திவிடும், அதுவும் சரிதான்.

கொத்திய இறகை விடாமல் வாயில் பிடித்துக்கொண்டு இழுக்கிறது, ஓடுகிறதை விரட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி வருகிறது, கீழே அமுக்கி மேலே ஏறி நின்று கொத்துகிறது, அல்லது இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை மூலையில் தள்ளுகின்றன என்றால் அந்த நிமிடமே நுழையுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான், புதுசுகள் வலைக்கு அந்தப் பக்கம் போகட்டும். மறுநாள் சாயங்காலம், கோழி அடைவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அந்த நேரத்தில் எல்லாம் வயிறு நிறையத் தின்பதில்தான் குறியாக இருக்கும், சண்டைக்கு நேரமிருக்காது.

இன்னொன்று, ஓடுவதற்கு இடம் இருக்கிறதா? கூண்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடியாவது, வெளியே உலவும் இடத்தில் 10 சதுர அடியாவது வேண்டும், சேர்க்கும் நாட்களில் இதைவிடக் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. வெறும் தரையாக இருந்தால் அவ்வளவு இடமும் போதாது, ஏனென்றால் ஓடுகிறது எங்கே போனாலும் துரத்துகிறதின் கண்ணிலேயே இருக்கும். ஒரு பலகையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், ஒரு காய்ந்த கிளையைப் போடுங்கள், ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து இரண்டு பக்கமும் வழி வெட்டி வையுங்கள். இரண்டு பக்கமும் என்பது முக்கியம். ஒரே வாசல் உள்ள மறைவிடத்துக்குள் குஞ்சு ஓடிப் புகுந்தால் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டு கொத்து வாங்கும்.

ரத்தம் வந்துவிட்டது

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு காயம்பட்டதை உடனே வெளியே எடுங்கள். கோழிக்குச் சிவப்பு நிறம் கண்ணை இழுக்கும், ஒரு துளி தெரிந்தால் போதும், அதுவரை சும்மா இருந்த கோழிகள்கூட வந்து அந்த இடத்தையே கொத்தும். கூடப் பிறந்த குஞ்சுகளே கொத்தும். இது நின்று நிதானமாகப் பார்க்கிற விஷயம் இல்லை.

காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் கழுவுங்கள். அப்புறம் தண்ணீரில் கலந்த போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை வையுங்கள். மண்டை எலும்பு தெரிகிற காயம், கண்ணுக்குப் பக்கத்தில் காயம், தோல் கிழிந்து தொங்குவது இதெல்லாம் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியது. காயத்தில் ஈ உட்காராத இடமாகப் பார்த்து வையுங்கள், புழு வைத்துவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

தனியாக வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிடாதீர்கள். மற்றவை பார்க்கிற மாதிரி, வலைக்கு அந்தப் பக்கமே வையுங்கள், முடிந்தால் துணைக்கு அதன் கூட்டாளி ஒன்றையும் சேர்த்து. கோழிகள் ஒன்றையொன்று முக்கியமாகத் தலையையும் கொண்டையையும் வைத்துத்தான் அடையாளம் காணும். சில நாள் காணாமல் போய், கொண்டை வாடி, தலையில் பொருக்கோடு திரும்பி வருகிற கோழி மற்றவற்றுக்குப் புது ஆள் மாதிரிதான். பொருக்கு உதிர்ந்து சிவப்பு போன பிறகுதான் மறுபடி சேர்க்க வேண்டும்.

சண்டையே இல்லை, ஆனால் புதுசுகள் வெளியே வருவதில்லை

இதுதான் நான் முன்னால் சொன்னது. மூன்று வெடைக்கோழிகளைச் சேர்த்திருந்தேன். இரண்டு நாள் கூச்சல், அப்புறம் ஒரே அமைதி. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு கீழே இருக்கும், மூன்றாவது தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்திருக்கும். சாயங்காலமும் அதே மூடியின் மேல். பிடித்த இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் இரவு பரணில், அதாவது கோழிகள் அடைகிற கம்பில், ஏற்றி வைக்கலாம் என்று தூக்கினேன், கையில் கனமே இல்லை. மார்புக்கு மேலே, கழுத்து முடிகிற இடத்தில் இருக்கும் தீனிப்பையைத் தடவினேன். தோல் மட்டும் விரலுக்குள் சுருங்கியது, உள்ளே ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருந்த மற்ற இரண்டையும் தடவிப் பார்த்தேன், உருண்டையாக, கெட்டியாக நிறைந்திருந்தன. ஐந்து நாளாக அது இறங்கித் தின்ன முயன்ற ஒவ்வொரு முறையும் கீழே இருந்த பழைய கோழி ஒன்று தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்திருக்கிறது, அவ்வளவுதான், கொத்தக்கூட இல்லை.

அன்றிலிருந்து சேர்த்த முதல் இரண்டு வாரமும் தினமும் கோழி அடைந்த பிறகு ஒவ்வொரு புதுசின் தீனிப்பையையும் தொட்டுப் பார்க்கிறேன். இரவில் நிறைந்திருக்க வேண்டும், காலையில் காலியாக இருக்க வேண்டும். இரவில் காலி என்றால் பகலெல்லாம் பட்டினி. காலையிலும் கெட்டியாகவே இருந்தால் அது அடைப்பு, வேறு பிரச்சினை. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, அசையாமல் இருக்கும், ஒரு கோழிக்கு ஐந்து நொடி ஆகாது. சமையலறைத் தராசு இருந்தால் வாரம் இரண்டு முறை எடையும் போடுங்கள். வளர்கிற வயது, எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நின்றாலே ஏதோ சரியில்லை.

சரி, காலியாக இருக்கிறது என்றால் என்ன செய்வது? தீனியும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு இடத்தில் வையுங்கள், ஒரு இடத்தில் நின்றால் இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதபடி நடுவில் ஒரு மறைப்பு இருக்க வேண்டும். ஒரு கோழி தன் கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் காவல் காக்கும். அதோடு சின்னதுகள் மட்டும் நுழைகிற மாதிரி ஒரு தடுப்பு போடுங்கள். பலகையிலோ கம்பியிலோ 10 சென்டிமீட்டர் அளவில் இடைவெளி விட்டு ஆரம்பித்து, சின்னது உள்ளே போகிறதா, பெரியதன் மார்பு தட்டுகிறதா என்று பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தீனியும் தண்ணீரும். குஞ்சுகள் அதைக் கண்டுபிடித்த அன்றைக்கே நடையே மாறிவிடும், பயம் வந்தால் ஓடிப் போக ஒரு வீடு கிடைத்துவிட்டதே. வளர வளர அவையே அதை விட்டு வெளியே வந்துவிடும்.

இரவு அடையும்போது தகராறு

பகலெல்லாம் நன்றாக இருந்துவிட்டு, இருட்டுகிற அந்த அரை மணி நேரத்தில் பரணில் ஏறும்போது பிரளயம் நடக்கும். பரணில் எந்த இடம் யாருக்கு என்பதும் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான். ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் கம்பு வேண்டும். எல்லாக் கம்பும் ஒரே உயரத்தில் இருந்தால் மேல் கம்புக்கான போட்டி குறையும். அல்லது எதிர்ப் பக்கச் சுவரில் இன்னொரு கம்பு அடித்துவிடுங்கள், புதுசுகள் அங்கே போகும்.

புதுசுகள் கூண்டுக்குள்ளேயே வராமல் வெளியே நின்றால் இருட்டிய பிறகு நீங்களே தூக்கிக் கொண்டுபோய்க் கம்பில் வையுங்கள். நாலைந்து நாளில் பழகிவிடும். முட்டையிடும் பெட்டிக்குள் போய்ப் படுத்தால் அடைகிற நேரத்தில் பெட்டி வாயை மூடி வையுங்கள், இல்லையென்றால் எச்சமெல்லாம் அங்கேதான், அந்தப் பழக்கம் முட்டையிடும் வயது வரை போகும்.

இரவோடு இரவாகக் கொண்டுபோய்ப் பரணில் வைத்துவிட்டால் காலையில் எல்லாம் ஒரே குடும்பமாக எழுந்திருக்கும் என்று ஒரு யோசனை ரொம்ப காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. வலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பழக்கிய பிறகு செய்தால் உதவும். பழக்காமல் செய்தால், விடிந்ததும் மூடிய கூண்டுக்குள் ஓட இடமில்லாமல் முன்பின் தெரியாத கோழிகள் நேருக்கு நேர் நிற்கும். எப்படியானாலும் மறுநாள் விடியும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும், வெளிச்சம் வந்ததும் கதவைத் திறக்க வேண்டும். தூங்கிவிடுவோம் என்று தோன்றினால் அன்றைக்குச் செய்யாதீர்கள்.

மற்றதெல்லாம் சும்மா இருக்கின்றன, ஒரே ஒரு கோழிதான் விடமாட்டேன் என்கிறது

அந்த ஒன்றை எடுத்துவிடுங்கள். கொத்து வாங்குகிறதை அல்ல, கொத்துகிறதை. 3 முதல் 5 நாள் வேறு இடத்தில், தீனி தண்ணீர் எல்லாம் நன்றாகக் கொடுத்து, மற்றவற்றின் கண்ணுக்குத் தெரியாமல் வையுங்கள். அதற்குள் புதுசுகள் இடத்தைப் பழகிக்கொள்ளும், மற்றக் கோழிகளோடு ஒரு ஏற்பாட்டுக்கு வந்துவிடும். திரும்பி வருகிறது தன் இடத்தை மறுபடி பிடிக்க வேண்டியிருக்கும், அந்த வேலையில் குஞ்சுகளை விட்டுவிடும். வருவதற்கு முன் தீனித் தட்டையும் பரணையும் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள், அதற்கும் அது புது இடம் போல இருக்கட்டும். ஒருமுறையில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை செய்து பாருங்கள். அலகை வெட்டுவது பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அலகுக்குள் நரம்பு இருக்கிறது, அது வலி.

பழைய கோழிதான் ஒடுங்கிப் போயிருக்கிறது

இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரே ஒரு வயதான கோழி மிச்சம், துணைக்கு என்று நாலைந்து வெடைக்கோழிகளைக் கொண்டுவருகிறோம். முதல் மாதம் அது ராணியாக இருக்கும். புதுசுகளுக்கு 5 மாதம் ஆகி, கொண்டை சிவந்து, முட்டைக்குத் தயாராகும்போது கதை திரும்பும். ஒரு நாள் ஒன்று எதிர்த்து நிற்கும், மறுநாள் இன்னொன்று. பழையது தீனிக்குக் கடைசியாக வரும், கொண்டை வெளுத்துச் சுருங்கும், முட்டை நிற்கும்.

இறகு உதிர்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இது நடந்தால் இன்னும் மோசம், முளைத்து வருகிற இளம் இறகுகளுக்குள் ரத்தம் இருக்கும், கொத்துப்பட்டால் வலியும் அதிகம், ரத்தமும் வரும். ஆகவே பழையது இறகு உதிர்க்கும் பருவத்தில் எதையும் சேர்க்காதீர்கள். இரவில் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பதில் பழையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு தீனித் தட்டை, தாழ்வாக ஒரு கம்பை ஒதுக்கிக் கொடுங்கள். வயதான கோழிக்கு உயரத்திலிருந்து குதிப்பதே பாரம். பாவம், இத்தனை வருடம் முட்டை போட்ட கோழி, கடைசிக் காலத்தில் வயிறு நிறையத் தின்ன ஒரு மூலை அதற்கு வேண்டும்.

அடைக்கோழியின் கீழ் வைத்த குஞ்சை அது ஏற்கவில்லை

இது வேறு வகை, இங்கே வளர்ந்த குஞ்சு ஆகாது. பொரித்து 1 முதல் 3 நாளுக்குள் இருக்க வேண்டும், கோழியும் நன்றாக அடையில் உட்கார்ந்து இரண்டு வாரமாவது ஆகியிருந்தால் நல்லது. மொத்த அடைக்காலம் 21 நாள், முந்தாநாள் உட்கார்ந்த கோழிக்குக் குஞ்சு வரும் எண்ணமே இருக்காது. நன்றாக இருட்டியதும் ஒரு முட்டையை எடுத்துவிட்டு ஒரு குஞ்சை இறக்கைக்கு அடியில் நுழைத்துவிடுங்கள், அப்புறம் இன்னொன்று. குஞ்சு சத்தம் கேட்டுக் கோழி தாழ்ந்த குரலில் கொக்கென்று பேச ஆரம்பித்தால் வேலை முடிந்தது.

விடிவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். மெதுவாக அலகால் தட்டுவது பரவாயில்லை. ஓங்கிக் கொத்தினால், தூக்கி எறிந்தால் உடனே குஞ்சை எடுத்துவிடுங்கள், இரண்டாவது வாய்ப்பு கொடுக்க வேண்டாம், ஒரு கொத்தே போதும் அந்த உடம்புக்கு. அதனால் இந்த வேலையைத் தொடங்கும் முன்பே விளக்கு வைத்த பெட்டி தயாராக இருக்க வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம்.

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்று ஒரு பழமொழி இருக்கிறது. அது பெற்ற கோழிக்கு, அடைகாத்த கோழிக்குப் பொருந்தும். சும்மா இருக்கிற வளர்ந்த கோழிக்கு இந்தக் குஞ்சு யாரோ, மிதிக்கும், கொத்தும், சாகும். அடையில் இல்லாத கோழியிடம் சின்னக் குஞ்சை நம்பி விடவே விடாதீர்கள்.

வளர்த்த தாய்க்கோழியே இப்போது கொத்துகிறது

குஞ்சுக்கு 5 முதல் 8 வாரம் ஆகிவிட்டதா? அப்படியானால் ஒன்றும் இல்லை, பிரித்துவிடுகிறது. தாய் மறுபடி முட்டைக்குத் திரும்பும். இரவில் ஒன்றாகக் கதகதப்பாக இருக்க குஞ்சுகளுக்கு ஒரு மூலை மட்டும் பார்த்துக்கொடுங்கள்.

சேர்த்த சில நாளில் குஞ்சுகள் வாடுகின்றன

கொத்து இல்லை, பட்டினி இல்லை, ஆனால் இறகைச் சிலுப்பிக்கொண்டு, இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. எச்சத்தைப் பாருங்கள். ரத்தம் கலந்திருந்தால் ரத்தக்கழிச்சலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எய்மீரியா என்ற ஒட்டுண்ணி. பழைய கோழிகள் சின்ன வயதிலேயே அதைச் சந்தித்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கும், வெளியே ஆரோக்கியமாகத் தெரியும், ஆனால் எச்சத்தில் அதன் முட்டைகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். சூடும் ஈரமும் இருக்கிற கூளத்தில் அவை ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். எதிர்ப்பு இல்லாத குஞ்சு அதைக் கொத்தித் தின்றால் ஒரு வாரத்துக்குள் தெரியும். தாமதிக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள், தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஆம்ப்ரோலியம் வழக்கமான மருந்து, எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவை அவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் வேலை கூளத்தைக் காயவைப்பது. தண்ணீர்த் தட்டு சிந்துகிற இடத்தில் இருக்கும் ஈரக் கூளத்தை அள்ளி வெளியே போட்டுவிட்டுப் புதிது போடுங்கள், தட்டையும் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.

தும்மல், மூக்கில் நீர், கண்ணோரம் வீக்கம் என்றால் அது மூச்சுக்குழாய் நோய். மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள் ஒரு கோழிக்கு வந்து குணமான மாதிரி தெரிந்தாலும் உள்ளேயே தங்கிவிடும், அந்தக் கோழி மற்றவற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கொண்டுவந்தது புதுசா, ஏற்கனவே இருந்தது பழையதா என்பதே சில நேரம் தெரியாது. ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலுமாக நீட்டிக்கொண்டு விழுந்தால் மாரெக் நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து இல்லை, பொரித்த அன்றே போடும் தடுப்பூசி மட்டும்தான், ஆகையால் குஞ்சு வாங்கும்போதே போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். இறகைப் பிரித்து ஆசனவாயைச் சுற்றிப் பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள், பேன் நிறைந்த கோழியும் இப்படித்தான் வாடும்.

எந்தத் தீவனம் வைப்பது

முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து சுமார் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், வளரும் கோழித் தீவனத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். முட்டையிடாத வெடைக்கோழிகள் மாதக்கணக்கில் முதலாவதைத் தின்றால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீவனத்தையே வைத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடுகிற கோழி தனக்கு வேண்டியதைத் தானே போய்த் தின்னும், மற்றவை பெரும்பாலும் தொடாது. புதுசுகளில் முதல் முட்டை வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நன்றாகத்தான் இருந்தன, திடீரென்று மறுபடி சண்டை

ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, அதைத் தேடுங்கள். வெடைக்கோழிகள் முட்டைக்கு வருகிற வயதா, பெட்டி போதாமல் முட்டியடித்துக்கொள்கின்றனவா (நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டியாவது வேண்டும்), மழையால் ஒரு வாரம் உள்ளேயே அடைத்து வைத்தீர்களா, வரிசையில் மேலே இருந்த கோழி செத்துப்போய்விட்டதா, புதுசுகளில் ஒன்று சேவலாக வளர்ந்து நிற்கிறதா? இளம் சேவல் விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள், மிதித்து மிதித்தே பெட்டைகளின் முதுகை வெறுமையாக்கிவிடும், தனியாகப் பிரித்துவிடுங்கள்.

எவ்வளவு நாள் பொறுத்துப் பார்ப்பது

மேலே சொன்னதெல்லாம் செய்து 6 வாரம் ஆகியும் ஒன்று எடை ஏறாமல், இரவு தீனிப்பை பாதிகூட நிறையாமல் இருக்கிறது என்றால் அதை மற்றவற்றோடு சேர்த்து வைக்க முடியாது. அப்படிச் சில கோழிகள் உண்டு, கண்ணை மறைக்கிற அளவுக்குத் தலையில் இறகு நிறைந்த இனங்களில் அடிக்கடி பார்க்கலாம், கொத்து வருவதே அவற்றுக்குத் தெரியாது. நிரந்தரமாக இரண்டு கூண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒற்றையாக நிற்பதற்குத் துணையாக அதோடு ஒத்துப்போகிற ஒன்றை அங்கே மாற்றுங்கள்.

பெரும்பாலானவற்றுக்கு அந்த நிலை வராது. ஒரு மத்தியானம் போய்ப் பார்ப்பீர்கள், பழைய கோழி மண்ணில் குழி பறித்துப் புரண்டுகொண்டிருக்கும், ஒரு கை தூரத்தில் வெடைக்கோழியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடக்கும். அதைப் பார்த்த பிறகும் இன்னும் ஒரு வாரம் இரவில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், வலையையும் கழற்றாமல் வைத்திருங்கள்.